மணம் இழந்த ஒளிப்படக் கலைஞர்



பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைத் தொடாமல் இருக்கின்றன என்பதை 1878ஆம் ஆண்டில் தொடர்படங்களால் மெய்ப்பித்தவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். திரைப்பட வரலாறு அவரை முன்னோடியாகப் போற்றுகிறது. அவருடைய தலைக்காயத்தைப் பற்றி அறிந்தோர் சிலரே.

1860 சூலையில் அவர் பயணம் செய்த குதிரை வண்டி டெக்சாசில் கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளானது. தூக்கி எறியப்பட்ட அவருக்குப் பல நாள்கள் கழித்தே நினைவு திரும்பியது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. மணமும் சுவையும் அற்றுப்போயின. இலண்டனில் வில்லியம் கல் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் அவருக்குச் சிகிச்சை அளித்தார்.

மணம் எவ்வாறு மறைந்தது? இதனை 1870இல் வில்லியம் ஓகல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விளக்கினார். மூக்கின் கூரையாக அமைந்த எலும்பு சல்லடை போன்றது. அதன் நுண்துளைகள் வழியே மெல்லிய நரம்பிழைகள் மூளையை அடைகின்றன. தலை மோதும்போது மூளை உள்ளே அசைகிறது, இழைகள் அறுந்துவிடுகின்றன. பின்மண்டையில் அடிபட்டாலும் இது நேரும். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவற்றையே. உணவின் மற்ற நயமெல்லாம் மூக்கின் கொடை. ஆகவே, 'சுவை போயிற்று' என்பார் பெரும்பாலும் இழந்திருப்பது மணத்தையே.

1874இல் மைபிரிட்ஜ் தம் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். விபத்துக்குப் பின் அவர் குணம் மாறிவிட்டது என 1875இல் நண்பர்கள் நீதிமன்றத்தில் சாட்சி கூறினர். நடுவர் குழு அவரைப் பித்தர் எனக் கருதவில்லை; ஆயினும் விடுதலை செய்தது. மண நரம்புகளுக்கு நேர் மேலே, கண்குழிகளின் மீது அமைந்த மூளைப்பகுதி பழுதுற்றதே அம்மாற்றத்தின் காரணமாகலாம் என 2002இல் உளவியலாளர் ஆர்தர் ஷிமாமுரா எழுதினார். சினத்தை அடக்கும் ஆற்றலில் அப்பகுதிக்குப் பங்குண்டு. கொலைக்குக் காயமே காரணம் என்று நாம் அறுதியிட இயலாது. எனினும், மணமிழப்பு ஓர் எச்சரிக்கை மணி.

பெற்றோரே, ஆசிரியர்களே! கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளை பிறகு உணவை வெறுத்தால், அதைப் பிடிவாதம் என எண்ணிவிடாதீர்கள். நறுமணமும் அழுகல் நாற்றமாகத் திரிந்து தோன்றுவதுண்டு. கண்ணை மூடச் செய்து, காப்பித்தூளையோ எலுமிச்சையையோ முகரச் சொல்லுங்கள். அறியாவிடில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புகையையும் எரிவாயுக் கசிவையும் அப்பிள்ளையால் உணர முடியாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சிலருக்கு மாதங்கள் கழித்து மணம் மீளும். ரோசா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகியவற்றை நாள்தோறும் இருவேளை முகரும் பயிற்சியை 2009இல் செருமானிய ஆய்வாளர் தாமஸ் ஹம்மல் குழுவினர் வெளியிட்டனர். அது சிலருக்குத் துணைபுரிகிறது. பிள்ளை சொல்வதை நம்பிக் கேட்பதே முதல் மருத்துவம்.