ஒரு பைசாவிலிருந்து காத்தாடி வரை

பெருமாநல்லூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு கொண்டத்துக் காளியம்மன் குண்டம் ஞாபகம் வரும். மின்சார வரலாறு படிப்பவர்களுக்கு 1970 ஜூன் 19 ஞாபகம் வரணும். விவசாய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த விவசாயிகள் மீது போலீஸ் சுட்டதில், இங்கே மூன்று பேர் செத்தார்கள். ஒரு பைசாவுக்கா என்று கேட்கலாம். கிணற்றை நம்பி விவசாயம் பண்ற ஊரில் மோட்டார் ஓடினால்தான் வெள்ளாமை.

அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 1986இல், தூத்துக்குடியில் மாதிரிக் காற்றாலைகள் வந்தன. 90களில் தனியார் இறங்கினார்கள். நம்ம பக்கத்து மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் பல்லடம், உடுமலை, முப்பந்தல் என்று காத்தாடி போட்டார்கள். சுற்றுச்சூழல் அக்கறையை விட இரண்டு கணக்குகள்தான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

முதலாவது வருமான வரி. அப்போது காற்றாலையின் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழிக்கலாம். இரண்டாவது 'பேங்கிங்'. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரைதான் பலமா அடிக்கும். தறியும் நிட்டிங் மெஷினும் வருஷம் பூரா ஓடணும். ஆடியில் கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட்டை, கொஞ்சம் கழிவு போக, மார்கழியில் திருப்பி எடுத்துக்கலாம் என்றது மின்வாரியம்.

கணக்கு மாறினால் என்ன ஆகும்? 2012இல் தேய்மானச் சலுகையும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நின்றன. இந்தியாவில் முந்தைய வருஷம் சுமார் 3,200 மெகாவாட் நிறுவியது, அந்த வருஷம் 1,700க்கு இறங்கியது. காற்று குறையவில்லை, விதிதான் மாறியது. தமிழ்நாட்டில் 2018 ஏப்ரலுக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு ஒரு வருஷ பேங்கிங்கும் இல்லை.

2030க்குள் உலகின் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மூன்று மடங்காக்கி 11,000 கிகாவாட் ஆக்குவது என்று 2023 துபாய் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. சோலார் பேனல் இன்று மலிவு. அதனால் இயந்திரத்துக்குப் பஞ்சம் வராது. மத்தியானம் உற்பத்தியான மின்சாரத்தை ராத்திரிவரை யார் வைத்திருப்பது, அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் தீராத கேள்வி. பேட்டரி வந்தாலும் இந்தக் கேள்வி போகாது. கூரை சோலாருக்கு நெட்வொர்க் கட்டணம் கூடாது என்று கொங்குச் சிறுதொழில்காரர்கள் போராடியதும் இதே கணக்குத்தான். இன்னமும் சண்டை யூனிட்டுக்கு எத்தனை பைசா என்பதில்தான் நடக்கிறது.