அரசன் இல்லாத மலை மாவட்டமான கதை

மார்கழிக் குளிரில் கோத்தகிரிக்குப் பக்கத்துப் பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை, கையில் தடி என்று ஹட்டி (படகர் ஊர்) ஹட்டியாக நடந்தே வந்து சேர்வார்கள் படகர்கள். அந்த நாளுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். அவருடைய அலுவலகக் கணக்கில் நீலகிரி என்பது உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்ற ஆறு தாலுகா. பண்டிகைக்கு வந்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு இது நான்கு சீமை: தொதநாடு, மேற்குநாடு, பொறங்காடு, குந்தை. நான்கும் சேர்ந்தால் நாக்குபெட்டா.

ஆறு தாலுகாக் கணக்குக்குப் பிறந்த நாள் உண்டு: 1868 ஆகஸ்ட் 1. கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி தனியே பிரிக்கப்பட்ட நாள் அது. நாலு சீமைக் கணக்குக்கு அப்படித் தேதி எதுவும் கிடையாது.

இந்த மலை ஏட்டிலும் கல்லிலும் பழையதுதான். சேரன் செங்குட்டுவன் வடக்கே படை நடத்திப் போகும் வழியில் நீலகிரியில் பாடியிறங்கியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கல்லில் முதலில் தட்டுப்படுவது 1117-இல். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் வெட்டுவித்த சாமராஜநகர்க் கல்வெட்டு அவனுடைய வெற்றிகளை அடுக்குகிறது. தோதவர்களை நடுங்க வைத்தானாம், கொங்கரை ஒடுக்கினானாம், நீலமலைக்குள் புகுந்து அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினானாம். எருமை மேய்த்துப் பால் கறந்து வாழ்ந்த தோதவர்களை ஒரு பேரரசின் தளபதி எதற்கு நடுங்க வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. மெய்க்கீர்த்தி எழுதுகிறவர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த வரிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தோதவர் என்ற பெயர் எழுத்தில் முதலில் ஏறியது அங்கேதான்.

புணிசன் மேலே தங்கவில்லை. அவனுக்குப் பின் வந்தவர்களும் அப்படித்தான். இருநூறு ஆண்டு கழித்து, மூன்றாம் வல்லாளனின் காலத்தில், பெருமாள தண்டநாயகரும் அவர் மகன் மாதவ தண்டநாயகரும் இந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்தார்கள். மலையை அடக்கியவன் என்ற பொருளில் 'நீலகிரி சாதாரன்' என்ற பட்டமும் வைத்துக்கொண்டார்கள். பட்டத்தில்தான் நீலகிரி, வாழ்ந்தது கீழே. மோயாறும் பவானியும் கூடும் இடத்தில் இருந்த அவர்களுடைய கோட்டைக்கு தண்டநாயக்கன் கோட்டை என்று பெயர். மலையிலிருந்து இறங்கும் சரக்கையும் வரியையும் அங்கே உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்ள முடிந்தது. இன்று அந்தக் கோட்டை பவானிசாகர் அணைக்கு அடியில். மழை பொய்த்து நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் மாதவராயப் பெருமாள் கோயிலின் கல் மண்டபம் சேற்றிலிருந்து தலை நீட்டும். பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நீலகிரிக்கென்று தலைநகரம் ஒன்று இருந்ததாகச் சொல்ல வேண்டுமானால் அது அதுதான். அதுவும் மலைக்குக் கீழே, இப்போது ஈரோடு மாவட்டத்தில்.

ஹொய்சளருக்குப் பின் விஜயநகரம். அதன்கீழ் உம்மத்தூர்த் தலைவர்கள் கை ஓங்கி, கப்பம் கட்ட மறுக்கும் அளவுக்குப் போனார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்த கையோடு அவர்களை ஒடுக்கினார். பிறகு மைசூர் உடையார்கள், ஹைதர், திப்பு. இந்த வரிசையில் மேலே எஞ்சியிருப்பவை சில கோட்டைகளின் இடிபாடுகள் மட்டுமே. அவை நிற்கும் இடத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். குன்னூர்ப் பள்ளத்தாக்குக்கு மேலே, பக்காசுரன் மலை என்று சொல்லப்படும் உலிக்கல் துர்க்கம். மறுபக்கம் கல்லட்டிக்கு அருகே மலைக்கோட்டை. ஒன்று கோவைச் சமவெளியைப் பார்க்கிறது, மற்றது மைசூர்ப் பக்கத்தை. இரண்டும் மலையின் விளிம்பில். கீழே வருகிற படையைப் பார்க்கக் கட்டியவை அவை. உள்ளே இருக்கும் மக்களை ஆளக் கட்டியவை அல்ல.

அப்படியானால் உள்ளே ஆண்டது யார்?

தோதவர் குடியிருப்பான ஒவ்வொரு மந்துக்கும் அதன் குலம். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1901-02-இல் இங்கே தங்கி, தோதவர்களின் வம்ச வரிசைகளைப் பெயர் பெயராக எழுதி 1906-இல் நூலாக வெளியிட்டார். தோதவர்கள் இரு பெரும் பிரிவு; அவற்றுக்குள் பல குலங்கள்; ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தாய் மந்து, அதன்கீழ்ச் சிறு மந்துகள், மேய்ச்சல் நிலம், எருமைகள், பால்மனைக் கோயில். எந்தச் சரிவில் யாருடைய எருமை எந்த மாதத்தில் மேயும் என்பது குலத்தின் முடிவு. கோத்தர்களுக்கு ஏழு ஊர். இரும்பு, மண்பாண்டம், சாவு வீட்டு வாத்தியம் எல்லாம் அவர்கள் கையில். எந்தக் கோத்தர் ஊர் எந்த ஹட்டிக்கும் மந்துக்கும் கொல்லு வேலை செய்யும் என்பதும் பரம்பரையாக வகுக்கப்பட்டிருந்தது. படகர் வயலில் முதல் விதை விழ குரும்பர் வர வேண்டும். படகர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோதவருக்கு 'கூடு' என்று கொடுத்தார்கள். வழக்கு வந்தால் ஹட்டிக் கவுடர், அவருக்கு மேல் சீமைத் தலைவர், அவருக்கும் மேல் தூனேரியில் நாக்குபெட்டாத் தலைவர்.

இந்த ஏற்பாடு நடப்பில் இருந்தபோது வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். 1603-இல் கோழிக்கோட்டிலிருந்து ஏறி வந்த இத்தாலியப் பாதிரியார் ஜாக்கோமோ ஃபெனிசியோ. மலைமேல் எப்போதோ தொலைந்த கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பித் தேடி வந்தார். அவர் கண்டது படகர் ஊர்களையும், தாடியும் முடியும் நீண்டு வளர்ந்த ஒரு தோதவர் பூசாரியையும். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அரசன் என்று ஒருவனை அவர் அங்கே பார்த்ததாக இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799-இல் கோயம்புத்தூரோடு சேர்ந்து இந்த மலையும் கும்பினி கைக்கு வந்தது. பழைய வழக்கப்படி மலை வரி தண்டநாயக்கன் கோட்டைக் கணக்கிலேயே இருந்தது. 1812-இல் நில அளவையாளர் ஒருவர் ஏறினார். 1818-இல் கோவை ஆட்சியரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறினார்கள். அடுத்த ஜனவரியில் ஆட்சியர் ஜான் சல்லிவனே வந்துவிட்டார். கோத்தகிரி திம்பட்டியில் முகாம், 1822-இல் உதகையில் கல்வீடு, பிறகு ஏரி, உருளைக்கிழங்கு என்று நீளும் கதை எல்லாருக்கும் தெரிந்தது. ஊட்டியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்லும் பழக்கமும் போகவில்லை. அவர் கல்வீடு கட்டியதே தோதவரிடம் விலை பேசி வாங்கிய மந்து நிலத்தில். என் ஆர்வம் அவர் போட்ட ஒரு சண்டையில்.

மலை நிலம் யாருக்குச் சொந்தம்? தோதவருக்கு என்றார் சல்லிவன். அவர் காட்டிய சான்று கூடு: படகன் விளைச்சலில் பங்கு கொடுக்கிறான் என்றால் தோதவன் நிலக்கிழான் என்றுதானே பொருள்? அப்போது சென்னை கவர்னராக இருந்த ஸ்டீபன் லஷிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை. கூடு என்பது வாரம் அல்ல, பயத்திலும் நம்பிக்கையிலும் கொடுக்கும் காணிக்கை. நிலம் சர்க்காருடையது என்றார். இருவருமே தோதவரைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் மந்தின் பதில் இந்த இரண்டு கட்சியிலும் அடங்கியிருக்காது. குலத்துக்கு மேய்க்கும் உரிமை உண்டு, விற்கும் உரிமை என்ற எண்ணமே அவர்களிடம் கிடையாது. 1843-இல் லண்டன் இயக்குநர்கள் தீர்த்து வைத்தார்கள்: தோதவருக்கு மேய்ச்சல் உரிமை மட்டும்.

இந்தச் சண்டை வரைபடத்தையும் விடவில்லை. 1830-இல் உதகை உட்பட மலையின் பெரும்பகுதியை மலபாரோடு சேர்த்தார்கள். கோத்தகிரிப் பக்கம் கோவையிலேயே இருந்தது. 1843-இல் போனதைத் திரும்பக் கோவைக்கே கொண்டுவந்தார்கள், குந்தையை மட்டும் விட்டுவிட்டு. குந்தை வந்தது 1860-இல். முப்பது ஆண்டு நாலு சீமை இரண்டு மாவட்டமாகக் கிடந்தது. ஆனால் குந்தையில் எழுந்த வழக்கும் தூனேரிக்கே போயிற்று; அது எந்த மாவட்டம் என்று தூனேரியில் யாரும் கேட்கவில்லை.

அதற்குள் வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு வந்துவிட்டது. சின்கோனா, தேயிலை, காப்பித் தோட்டங்கள் பெருகின. துரைமார் வழக்குகளைக் கோவைக்குக் கொண்டுபோய்ப் பேச முடியாது. 1868 ஆகஸ்டில் நீலகிரிக்கென்று ஓர் ஆணையர் நியமிக்கப்பட்டார்: ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். உதகையில் அவர் பெயரில் இன்றும் பள்ளி இருக்கிறது. நான்கே ஆண்டில் இறந்துபோன அந்த மனிதர் வேலைக்கு நடுவே மலைமேல் இருந்த கல்வட்டங்களையும் ஈமக்குழிகளையும் தோண்டினார். கிடைத்த மண்பாண்டங்களும் வெண்கலக் கிண்ணங்களும் சென்னைக்கும் லண்டனுக்கும் போயின. 1873-இல் வந்த அவர் நூலில் மலையின் குடிகளும் இருக்கிறார்கள், அந்தக் குழிகளும் இருக்கின்றன. குழிகளில் கிடந்தவர்கள் யார் என்று மந்திலும் ஹட்டியிலும் விசாரித்தார்; எங்கள் முன்னோர் என்று உறுதியாக உரிமை கொண்டாட அநேகமாக யாரும் முன்வரவில்லை.

அதே 1868-இல் ஜப்பானில் தோகுகவா ஷோகன்களின் ஆட்சி முடிந்தது. மூன்றே ஆண்டில், 1871-இல், பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளையெல்லாம் ஒரே உத்தரவில் கலைத்து மாவட்டங்களாக்கினார்கள். எழுநூறு ஆண்டுபோல் ஷிமாசு குடும்பம் ஆண்ட சத்சுமா, ககோஷிமா மாவட்டத்துக்குள் அடங்கிப்போனது. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் கோட்டை இருந்தது, கோட்டைக்குள் பிரபு இருந்தார். அவரிடம் சாவியை வாங்கினால் வேலை முடிந்தது. நாக்குபெட்டாவில் சாவி வாங்க ஆள் இல்லை. வாங்காததால் பழைய சீமை புது மாவட்டத்துக்கு அடியில் அப்படியே தங்கிவிட்டது.

சாவி வைத்திருந்த ஓர் அரச குடும்பம் நீலகிரிக்கு வந்தது இதற்குப் பிறகுதான், அதுவும் மலபார் மாவட்டத்திலிருந்து பிரித்துச் சேர்த்த பகுதிகளோடு. 1873-இல் அக்டர்லோனி பள்ளத்தாக்கு (இன்றைய ஓவேலி), 1877-இல் தென்கிழக்கு வயநாடு, அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர். இரண்டும் சேர்ந்த பிறகு 1882-இல் ஆணையர் பதவி ஆட்சியர் பதவியானது. ஆணையராக இருந்த ரிச்சர்ட் பார்லோ முதல் ஆட்சியர் ஆனார். இன்றைய மாவட்டத்தின் உருவம் ஏறத்தாழ அப்போது முழுமை பெற்றது. மேலே உள்ள நாலு சீமைக்கும் கூடலூருக்கும் நிலச் சட்டமே வேறு. மேலே சர்க்கார் நிலம், குடியானவன் பட்டா. கூடலூரில் ஜென்மம், அதாவது மலபார் வழக்கப்படியான பரம்பரை நிலவுடைமை. அந்த உடைமைக்காரரான ஜென்மி, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துத் திருமுல்பாடு. காப்பி, தேயிலைத் தோட்டக்காரர்கள் அவர்களிடம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துக் காட்டை வெட்டினார்கள்.

1969-இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் வந்தது சுமார் 80,000 ஏக்கர். 1972-இல் உச்ச நீதிமன்றம் காடுகளைப் பற்றிய பகுதியை ஏற்கவில்லை. 1974-இல் அந்தச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து, நீதிமன்றம் தொட முடியாதபடி செய்தார்கள். அது செல்லுமா என்ற வழக்குதான் ஐ.ஆர். கொயலோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்புச் சொன்னது: 1973 ஏப்ரல் 24-க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தத் தீர்ப்பு கூடலூர்த் தேயிலைக்காட்டில் முளைத்தது என்பதை அவர்களில் எத்தனை பேர் கவனிப்பார்கள்?

இதற்கிடையே அதே கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, ஒருகாலத்தில் தம் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 உத்தரவு காடு என்பதற்கே புது வரையறை தந்தது: யாருடைய நிலமானாலும், அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடுதான், மத்திய அரசு அனுமதியின்றி அங்கே வேறு வேலை நடக்கக் கூடாது. அருணாசலப் பிரதேசத்து மரமில் வரை மூடவைத்த உத்தரவு அது. ஜென்மியின் கையிலிருந்து நிலம் போயிற்று. போன நிலத்தின்மேல் ஜென்மி குடும்பத்துக்காரரின் பெயரால் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. திருமுல்பாடு 2016-இல் காலமானார். அவர் பெயரிலான வழக்கில் இடைக்கால மனுக்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன.

கூடலூரிலும் பந்தலூரிலும் 'செக்‌ஷன் 17 நிலம்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய குத்தகை நிலங்களில் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின்இணைப்புக் கேட்டுப் பல தேர்தல் தாண்டி அலைந்த வீடுகள் ஏராளம். தலைமுறையாக இருக்கிற பணியர்கள், மலையாளக் குடியேறிகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் எல்லாரும் அதில் அடக்கம். ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரரும் செக்‌ஷன் 17-ஐத் தொடாமல் கூடலூரில் பேச்சை முடிக்க முடியாது.