கொம்யூன் வகுத்த கோடுகள்

கடலோர மணல்மேட்டில் அமைந்த மீனவர் ஊராகிய கோட்டுச்சேரிமேடு, கோட்டுச்சேரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கோட்டுச்சேரியோ ஒரு கொம்யூனின் தலைமையிடம். இச்சொல்லைத் தமிழகத்து அன்பர்கள் அவ்வளவாக அறியார். காரைக்கால் மக்களுக்கு அது வீட்டுச் சொல்.

1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர், 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையினால் தம் இந்தியப் பகுதிகளைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தனர். 1907இல் அவை பதினேழாயின. காரைக்காலுக்கு ஆறு: காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம். கடைசியாகச் சொன்னதைப் பிரெஞ்சு ஏடுகள் 'கிராந்த் அல்தே', அதாவது 'பெரிய ஊர்' என்றே குறித்தன. கொம்யூனின் தலைவர் மேர். அவர் அலுவலகம் மேரி. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. சைகோனுக்குக் கடல் கடந்து வணிகம் செய்யப் போன நம்மவர் குடும்பங்களுக்கு அப்பதிவேட்டு நகல் எத்துணை மதிப்புடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அருகிருந்த நாகூர்க் கந்தூரிக்குச் செல்வோரும் அந்நாளில் ஓர் அரசின் எல்லையைக் கடந்தே சென்றனர் என்பதை இளைஞர் நம்புவது அரிது.

இந்தக் கொம்யூன் மன்றங்கள் வெறும் தெருவிளக்கு மன்றங்கள் அல்ல. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் எதிர்காலத்தை முடிவு செய்தவர்கள், பிரதிநிதி சபை உறுப்பினரும் இம்மன்றங்களின் உறுப்பினருமே. 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி மாறிற்று. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது.

ஆட்சி மாறினும் கோடுகள் மாறவில்லை. எம்.ஓ.எச். ஃபாரூக் முதலமைச்சராயிருந்தபோது, 1973இல் இயற்றப்பட்ட சட்டங்கள் காரைக்காலை நகராட்சியாக்கி, மற்ற ஐந்தையும் கொம்யூன் பஞ்சாயத்துகளாக்கின. அதன் விளைவை மக்கள்தொகைக் கணக்கில் காணலாம். 2011இல் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள் 2,00,222 பேர். அவர்களுள் நகராட்சிக்குட்பட்டோர் 86,838. நகர மக்கள் ஏறத்தாழப் பாதியே. புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதற்கும் இது நூற்றுக்கு 68. மாஹேயும் ஏனாமும் நூற்றுக்கு நூறு நகரமாம்! ஏனாமில் வயல் இல்லையா? உண்டு. ஆனால் அங்கே பஞ்சாயத்து இல்லை. முழுப்பகுதியும் ஒரே நகராட்சி. ஆகவே வயலருகே வாழ்பவரும் நகரத்தாராகிவிட்டார். நகரம் எது, கிராமம் எது என்பதை அங்கெல்லாம் ஏர் தீர்மானிக்கவில்லை. பழைய கொம்யூன் எல்லை தீர்மானித்தது. இப்புள்ளிவிவரத்தைக் கொண்டு ஊரின் வளர்ச்சியை அளப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

2005இல் காரைக்கால் தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் வந்தார், மன்றமோ வரவில்லை. 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிந்தது; அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. கீழூரில் ஒரு நாட்டின் இணைப்பையே முடிவு செய்த மன்றங்களின் வழிவந்த அலுவலகங்களில், அத்தனை ஆண்டுகளும் கையொப்பமிட்டவர் அரசு நியமித்த ஆணையரே.