ஒரு தட்டு கொண்டு வாருங்கள்: சுக்கினி ஸ்லைஸின் கதை

பொங்கல் விழாவோ, கொடியேற்றமோ, புத்தாண்டு இரவோ, நம் குடியிருப்பில் எந்தக் கூடுகை என்றாலும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடும்: "வீட்டுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வரவும்." ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே வழக்கத்துக்கு "பிரிங் எ பிளேட்" என்று பெயர். அதாவது, ஒரு தட்டு கொண்டு வாருங்கள். புதிதாகக் குடியேறியவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு காலித் தட்டோடு போய் நின்ற கதைகளை அங்கே இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். தட்டு என்றால் தட்டு நிறையப் பலகாரம் என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்!

அந்தத் தட்டில் அடிக்கடி வந்து உட்காரும் ஒரு காரப் பலகாரம்தான் சுக்கினி ஸ்லைஸ். துருவிய சுக்கினி, வெங்காயம், சீஸ், முட்டை, மாவு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, தட்டையான டிரேயில் ஊற்றி, அவனில் வைத்து, ஆறியதும் சதுரமாக வெட்டுவார்கள். அங்கே பெரும்பாலான பள்ளிகளில் மதியச் சாப்பாடு போடுவதில்லை. பிள்ளைகள் டப்பாவில் கட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் பள்ளிக் கேன்டீனில் வாங்க வேண்டும். ஆறிய பிறகும் ருசிக்கிற, கையில் எடுத்துத் தின்னக்கூடிய பலகாரம் என்பதால் டப்பாவுக்கும் இது பொருந்திவிட்டது. 1933-இல் தொடங்கிய 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' பத்திரிகையின் செய்முறைதான் இதில் மிகப் பிரபலம். (அந்த வாரப் பத்திரிகை 1980-களில் மாத இதழாகியும் பெயரில் 'வீக்லி' அப்படியே இருக்கிறது.)

இதில் சேரும் பொருள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரிலிருந்து வந்தது. சுக்கினி சேர்ந்த பூசணி இனத்தின் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் வாஹாகா பகுதியில் ஒரு குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்குச் சுமார் 10,000 வயது. கொலம்பஸுக்குப் பிறகு பூசணி ஐரோப்பா சேர்ந்தது. இன்று நாம் பார்க்கும் நீளப் பச்சைச் சுக்கினி 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மிலான் பக்கம் உருவானது. பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் இதே காய்க்குப் பிரெஞ்சுப் பெயரான 'கூர்ஜெட்' வழங்குகிறது. ஆஸ்திரேலியாவிலோ இத்தாலியப் பெயரே நிலைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியர்கள் அங்கே கூட்டம் கூட்டமாகக் குடியேறினார்கள். 1951-இல் இரு நாட்டு அரசுகளும் இதற்காக ஓர் ஒப்பந்தமே போட்டன.

மாவின் கதை இன்னும் சுவாரசியம். செய்முறையில் கேட்பது செல்ஃப் ரைசிங் மாவு, தானே உப்பும் மாவு. இதற்கு 1845-இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஹென்றி ஜோன்ஸ். அவர் மனதில் இருந்தது பிள்ளைகளின் டப்பா அல்ல, கப்பல். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்குக் கிடைத்ததெல்லாம் கல் மாதிரி ஒரு பிஸ்கட், அதிலும் புழு. கப்பலில் ஈஸ்ட் வளர்த்து ரொட்டி சுடுவது நடக்கிற காரியமா? ஜோன்ஸ் மாவிலேயே சோடா உப்பையும் ஒரு புளிப்பு உப்பையும் உலர்வாகக் கலந்து கொடுத்தார். தண்ணீர் படும்வரை இரண்டும் சும்மா இருக்கும். பட்டவுடன் வாயு கிளம்பி மாவு உப்பும். இவ்வளவு எளிமையான வேலையை ஏற்றுக்கொள்ளப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அரசாங்கக் கோப்புகள் எந்த ஊரிலும் ஒரே வேகத்தில்தான் நகரும் போலிருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1843-இல், பர்மிங்ஹாமின் ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடர் செய்திருந்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது, முட்டையும் ஒத்துக்கொள்ளாது. முட்டைக்காக அவர் கண்டுபிடித்ததுதான் நம் மளிகைக்கடையில் விற்கும் கஸ்டர்ட் பவுடர்.

அவன் விஷயத்திலும் ஒரு தடை இருந்தது. சூட்டைக் கணிக்க முன்பெல்லாம் அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்ப்பார்கள், அல்லது காகிதத்தை வைத்து அது எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள். அனுபவசாலிக்கு மட்டுமே கைவந்த வித்தை அது. 1923-இல் 'ரெகுலோ' என்ற தெர்மோஸ்டாட்டுடன் கேஸ் அடுப்பு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. திருகைத் திருப்பினால் சூடு தானாக நிற்கும். "180 டிகிரியில் 40 நிமிடம்" என்று ஒரு பத்திரிகை எழுதவும், அதை எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் நம்பிச் செய்யவும் அதற்குப் பிறகுதான் முடிந்தது.

டிரேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியர்கள் அதை 'லாமிங்டன் டின்' என்பார்கள். சாக்லேட்டும் தேங்காய்த் துருவலும் பூசிய லாமிங்டன் கேக்குக்கு உரிய தகரம் அது. பெயர் வந்தது 1896 முதல் 1901 வரை குயின்ஸ்லாந்தில் ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவால் (அவர் மனைவியால் என்பாரும் உண்டு). அவரேதான் பிறகு 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாண ஆளுநர். கம்ப்யூட்டர் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்போன மும்பை லாமிங்டன் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்னும் ஒன்று. 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங், ஜாலியன்வாலா பாக் படுகொலையை ஆதரித்த மைக்கேல் ஓ'டுவையரைச் சுட்டுக் கொன்றாரே, அங்கே குண்டடி பட்டுக் காயமடைந்தவர்களில் லாமிங்டன் பிரபுவும் ஒருவர். ஒரு கேக் தகரத்துக்குள் இவ்வளவு வரலாறு!

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. அந்தக் காலத்து நடன அரங்க விளம்பரங்களில் ஆண்களுக்குக் கட்டணம் இவ்வளவு என்று போட்டுவிட்டு, பக்கத்தில் "பெண்கள், ஒரு தட்டு" என்று அச்சிடுவார்கள். ஆண் காசு கொடுத்தால் முடிந்தது. பெண் காலையிலிருந்து அடுப்படியில் நிற்க வேண்டும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கோ வேறொரு தடை: ஆஸ்திரேலிய மத்திய அரசுப் பணியில் 1966 நவம்பர் வரை, கல்யாணமானால் பெண் தன் நிரந்தர வேலையை விட்டு விலகியாக வேண்டும் என்பதே சட்டம். அது நீங்கிய பிறகு மனைவிமார் அலுவலகம் போனார்கள். ஆனால் டப்பா கட்டும் வேலையும் தட்டு கொண்டு போகும் வேலையும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே இருந்தன. பத்து நிமிடத்தில் கலக்கி அவனில் தள்ளிவிடலாம் என்ற பலகாரம் அங்கே ஏன் அவ்வளவு செல்லமாயிற்று என்பது இதைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. நம் விழாவுக்கான கூகுள் ஷீட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். "ஐட்டம்" பத்தியில் எத்தனை ஆண்களின் பெயர் இருக்கிறது? துருவுவது, பிழிவது, கலக்குவது, ஊற்றுவது, இவ்வளவுதான் இதில் வேலை. சமையல் தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது.

செய்து பார்க்க விரும்பினால் அளவு இதோ. சுக்கினி 375 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, துருவிய சீஸ் ஒரு கப், மைதா ஒரு கப்புடன் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், எண்ணெய் அரை கப், முட்டை ஐந்து. மூலச் செய்முறையில் பேக்கன் உண்டு. அதற்குப் பதில் சோளமுத்தோ குடைமிளகாயோ போடலாம். கூடவே இரண்டு பச்சைமிளகாய் போடுங்கள், இல்லாவிட்டால் நம் நாக்குக்குச் சப்பென்றிருக்கும். 20-க்கு 30 செ.மீ. டிரேயில், முன்கூட்டியே சூடாக்கிய அவனில், 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். சின்ன ஓடிஜி என்றால் சின்னத் தட்டில் கனமாக ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் கூட்டுங்கள். நடுவில் குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

சுக்கினி விலை கட்டுப்படியாகாதவர்கள் பிஞ்சுச் சுரைக்காயைப் போடுங்கள். 'சுக்கா' என்ற இத்தாலியச் சொல்லே, அமெரிக்கப் பூசணி ஐரோப்பாவுக்குப் போகும் முன் சுரைக்காயைக் குறித்ததுதான். சுரைக்காயும் முழுக்கத் தண்ணீர் என்பதால், துருவி உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்து ஒட்டப் பிழியுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு குஜராத்தின் ஹாண்ட்வோ வழி காட்டுகிறது. அரிசியும் பருப்பும் அரைத்துத் தயிரில் புளிக்க வைத்து, சுரைக்காய்த் துருவல் சேர்த்து, மேலே கடுகும் எள்ளும் தாளித்துக் கொட்டிச் சுடுவார்கள். நம் இட்லி மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அவசரத்துக்குக் கடலை மாவு ஒரு கப், ரவை அரை கப், தயிர் முக்கால் கப், எண்ணெய் கால் கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பிழிந்த சுரைக்காய். கலந்து 15 நிமிடம் ஊறவிட்டுச் சுடுங்கள்.

டப்பாவுக்கு என்றால் முதல் நாள் இரவே சுட்டு, நன்றாக ஆறவிட்டு, வெட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடாக மூடினால் ஆவி வியர்த்துச் சொதசொதத்துவிடும். மே மாத வெயிலில் முட்டை சேர்த்ததை மாலை வரை வைத்திருக்க வேண்டாம், மதியத்துக்குள் டப்பா காலியாக வேண்டும்.

விழாவுக்கு எடுத்து வருகிறவர்கள் முட்டை உண்டா, இல்லையா என்று டிரேயின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.