கண்ணுக்கு எட்டாததைப் படம்பிடித்தோர்

மாரி ஓய்ந்து வானம் வெளித்த மாசி மாதத்து முன்னிரவிலே, வாவிக்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்போருக்கு மிருகசீரிடமும் திருவாதிரையும் உச்சியை அடுத்துத் தோன்றும். அவற்றுக்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாய் நிற்கும். அவ்வரிசைக்குச் சற்றுக் கீழே புகைபோல் மங்கிய ஒரு பொட்டு உண்டு. அதுவே ஓரியன் நெபுலா என்னும் வான்முகில்.

வானநூல் ஆராய்ச்சி என்றால் அது அரசாங்க நிலையத்தாரின் தொழில் என்றே பாடசாலை நாட்களில் நான் எண்ணியிருந்தேன். இம்முகிலை முதன்முதற் படம்பிடித்தவரோ நியூயோர்க் நகரத்து வைத்தியர் ஒருவர். ஹென்றி டிரேப்பர் என்னும் அவர், 1880 செப்டெம்பர் 30ஆந் திகதி இரவு, தமது 11 அங்குலத் தொலைநோக்கியிலே தகட்டைப் பொருத்தி, 51 நிமிடம் அதன்மீது ஒளி விழச் செய்தார். முன்னிருந்த ஈரத் தகடுகள் சில நிமிடங்களிலேயே காய்ந்து கெட்டுவிடும். உலர்தகடு வந்த பின்னரே இது கைகூடிற்று. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்கு மங்கல் மங்கலாகவே இருக்கும். தகடோ துளித்துளியாய் வரும் ஒளியைச் சேமித்துக்கொண்டே போகும்.

ஆனால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கின்றதே! தொலைநோக்கியும் கூடவே நகராவிடில் நட்சத்திரங்கள் யாவும் கோடுகளாகிவிடும். லண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த அன்ட்றூ கொமன் என்னும் சுகாதாரப் பொறியியலாளர், தம் 36 அங்குல ஆடித் தொலைநோக்கியின் பாரத்தைக் குறைக்க அதன் அச்சைப் பாதரசத்திலே மிதக்கவிட்டார். கழிவுநீர்க் குழாய் வேலை தெரிந்தவரின் யுக்தியல்லவா! 1883 ஜனவரியில் அவர் எடுத்த ஓரியன் படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் விழுந்திருந்தன. மறு ஆண்டு அரச வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

லிவர்ப்பூற் பகுதிக் கட்டட ஒப்பந்தக்காரரான ஐசாக் றொபேட்ஸ், 1888இல், உத்தரட்டாதிக்கு வடகிழக்கேயுள்ள அன்ட்றோமீடா முகிலைப் படம்பிடித்து அதன் சுருள் வடிவை உலகுக்குக் காட்டினார். அது பிறந்துகொண்டிருக்கும் ஒரு சூரிய குடும்பம் என்பது அவர் கொண்ட முடிவு. அது பிழை. சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள தனியொரு நட்சத்திர மண்டலம் அது என்பதற்கு வழிதிறந்தது 1923இல் ஹபிள் எடுத்த படம். ஆயினும் றொபேட்ஸின் தகட்டிற் பிழையில்லை.

இன்று தகடு போய் டிஜிட்டல் கமரா வந்துவிட்டது. பல சிறு படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்து, சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் வாலிபனும் இவ்வேலையைச் செய்யலாம். நமக்குத் தெருவிளக்குகள்தாம் தொல்லை. ஊரை விட்டுச் சற்று விலகவேண்டும். வைகாசி மாதத்து முன்னிரவிலே தென்வானில் ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் ஓமேகா சென்ரோறி என்னும் மாபெரும் நட்சத்திரக் கொத்து நிற்கும். ஈலிங்கிலிருந்த கொமனுக்கு அது ஒருநாளேனும் உதித்ததில்லை.