ஆறு மாதக் கெடுவும் பிள்ளைகளின் குடியுரிமையும்

ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன். நம் புதுச்சேரியில் இது புதிதல்ல. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் வியப்பார்கள். இப்போது நம் பேரப்பிள்ளைகளும் இது எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். கோப்புகளோடு காலம் கழித்த எழுத்தர் என்ற முறையில் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டப்படியான மாற்றம் அன்று நடக்கவில்லை. 1956 மே 28 அன்று தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது.

குடியுரிமை பற்றி அந்த ஒப்பந்தம் சொன்னது இதுதான். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய இடங்களில் பிறந்து, அன்று அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் நம் ஊரில் 'ஒப்சியோன்' என்றார்கள். கெடு 1963 பிப்ரவரியோடு முடிந்தது.

அப்போது நான் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். யார் வீட்டில் ஒப்சியோன் எடுத்தார்கள் என்பதுதான் வகுப்பில் பேச்சு. என் தகப்பனார் எடுக்கவில்லை. "விடுதலை வேண்டும் என்று ஊர்வலம் போனவன், இப்போது அவர்கள் தாளில் கையெழுத்துப் போடுவதா?" என்றார். நிலபுலனையும் வயதான பெற்றோரையும் நினைத்து எடுக்காதவர்களும் உண்டு. செய்தியே உரிய நேரத்தில் எட்டாத கிராமத்து மக்களும் உண்டு.

அந்தக் கையெழுத்து பெரியவர்களோடு நிற்கவில்லை. 18 வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையையும் தகப்பனாரின் அறிவிப்பே முடிவு செய்தது. அவர் இல்லையென்றால் தாய். இருவரும் இல்லையென்றால் பாதுகாவலர். பிள்ளைகளின் பெயர்களையும் அறிவிப்பில் குறிப்பிட வேண்டும். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் அன்றே நாடு முடிவாகிவிட்டது.

வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளின் கதை வேறு. நம் பகுதியில் பிறந்து, அன்றைக்கு இந்தியாவுக்கும் இந்த நான்கு ஊர்களுக்கும் வெளியே வசித்தவர்கள், எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள். இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால்தான் அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் சைகோனில் பிரெஞ்சு அரசு வேலை, தம்பி வில்லியனூரில் விவசாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பேனாவைத் தொடவில்லை. ஆனாலும் அண்ணன் பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்கள், தம்பி பிள்ளைகள் இந்தியர்கள். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது பிரெஞ்சுத் தாள் கையில் இருந்த நம்மவர்களுக்குப் பிரான்சுக்குப் போக வழி இருந்தது. அந்தத் தாளின் மதிப்பு அன்று விளங்கியது.

உரிமை இருப்பது ஒன்று, அதை நிரூபிப்பது வேறு. பாஸ்போர்ட் பயணத்துக்கான தாள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு உறுதியான சான்று, பிரான்சின் நீதிமன்ற அலுவலகம் தரும் குடியுரிமைச் சான்றிதழ். அதற்குத் தகப்பனார் பிரெஞ்சுக்காரர் என்பதற்கும், பிள்ளை அவருடையது என்பதற்கும் தாள் வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுப் பிள்ளையின் பிறப்பைத் தூதரகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட பதிவுகளுக்காக 1965இல் நாந்த் நகரில் ஒரு மைய அலுவலகம் ஏற்பட்டது. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, மேரியில் திருமணத்தைப் பதியவில்லை என்றால் அங்கேயே சிக்கல் தொடங்கும்.

அடுத்தது பெயர். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. முருகன் என்ற பெயரின் உகரத்துக்குப் பிரெஞ்சு எழுத்தர் இரண்டு எழுத்துப் போடுவார், ஆங்கில எழுத்தர் ஒன்று போடுவார். பிரெஞ்சுக்காரர் கடைசியில் ஒலிக்காத எழுத்து ஒன்றையும் சேர்ப்பார். ஒரே ஆள், தாளில் இரண்டு பேர்.

இன்னொரு கதவும் மூடிவிட்டது. முன்னோர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டிலேயே வாழ்ந்து, தானும் தன் பெற்றோரும் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்பட்டதற்கு அடையாளமும் இல்லாதவர், வம்சாவளியைக் காட்டிக் குடியுரிமையை நிரூபிக்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருவதில்லை. 1962 முதல் எண்ணிப் பாருங்கள். 2012இல் ஐம்பது ஆண்டு நிறைந்துவிட்டது. தாத்தாவின் பழைய பெட்டியில் ஒரு தாள் கிடைத்தது என்று இன்று ஓடுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது பிரெஞ்சுத் தாள் உள்ளவர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. இந்தியக் குடியுரிமைச் சட்டத்திலும் கெடு உண்டு. 1992 டிசம்பர் 10க்கு முன்பு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியாக மட்டுமே இந்தியக் குடியுரிமை வந்தது. அதன் பிறகு தாய் வழியாகவும் வரும். 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் துபாயிலோ பாரிசிலோ இருக்கிறார்கள். பேரன் பிறந்தான் என்று தொலைபேசி வந்தால் பெயர், நட்சத்திரம் கேட்கிறோம். தூதரகத்தில் பதிந்தாயா என்பதையும் கூடவே கேளுங்கள். பெற்றோர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் பிள்ளையின் சான்றிதழிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1962இல் ஆறு மாதக் கெடு போனதால் வந்த வழக்குகளில் சில இரண்டு தலைமுறை ஓடின. ஓராண்டு என்பதும் கைக்குழந்தை வீட்டில் இருக்கும்போது சீக்கிரம் ஓடிவிடும்.