இரண்டு ஆதித்யாக்களும் ஒரு கிழிசலும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்றொரு சிற்றூர். தோணி நம் சொல். ரேவு என்பது துறையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். இருமொழியும் புழங்கும் எல்லைக்கு ஏற்ற பெயர்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ஏவூர்தி கிளம்பும் நாள்களில் இப்பகுதி மீனவர் கடலுக்குச் செல்லலாகாது. அன்றைய வருவாய் போயிற்று. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் அவ்வாறு கிளம்பியதுதான் ஞாயிற்றை ஆராயும் ஆதித்யா-எல்1.

அதனினும் மூத்த ஆதித்யா ஒன்று காந்திநகரில் இருப்பதை நம்மில் பலர் அறியோம். பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-இல் இயங்கத் தொடங்கிய டோகாமாக் அது. அணுக்கருப் பிணைவை இருபது ஆண்டுகளுக்குள் வசப்படுத்திவிடலாம் என்று 1955-இல் ஜெனீவா மாநாட்டில் ஹோமி பாபா நம்பிக்கை தெரிவித்தார். அந்நம்பிக்கை இன்னும் கைகூடாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கிழிசல்.

டோகாமாக் உளுந்துவடை வடிவிலான கலம். அதனுள் கொதிக்கும் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் தாங்குபவை காந்தப்புலக் கோடுகள். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக அவை முறுக்கிச் சுற்றுகின்றன. ஓர் அடுக்கிலிருந்து மற்றொன்றுக்கு வெப்பம் எளிதில் தாவாது. பிளாஸ்மாவுக்கு மின்தடையே இல்லையெனில் இக்கோடுகள் அறவே அறா. ஆனால் சிறிதளவு தடை உண்டு, அதுவே போதும். நீள்வாக்கில் இரு சுற்று முடிவதற்குள் குறுக்குவாக்கில் ஒரு சுற்றை முடித்துத் தொடங்கிய இடத்திற்கே மீளும் கோடுகள் உள்ள அடுக்குதான் நலிந்த இடம். அங்கே கோடுகள் அறுந்து வேறுவிதமாக ஒட்டிக்கொள்ள, காந்தத் தீவுகள் பிறக்கின்றன. தீவு பருக்கப் பருக்க வெப்பம் குறுக்குவழியில் வெளியேறுகிறது. முற்றினால், ஆயிரத்திலொரு பங்கு நொடிக் கணக்கில் பிளாஸ்மா முழுதும் குலைந்து கலத்தின் சுவரைத் தாக்கும்.

இதன் கணக்கை 1963-இல் வகுத்தவர்கள் ஃபர்த், கில்லீன், ரோசன்புளூத் ஆகிய மூவர். தீவு ஓரளவு பருத்தபின் வளர்ச்சி மெதுவாகிறது என்று 1973-இல் காட்டியவர் பால் ரூதர்ஃபோர்டு (அணுக்கருவைக் கண்ட ரூதர்ஃபோர்டு அல்லர்). அவருடனும் வேலியோவுடனும் சேர்ந்து, கோடுகள் பின்னிக் குழம்பிய பிளாஸ்மாவில் கிழிசல் எவ்வாறு அமையும் என 1979-இல் எழுதியவர் ஸ்ரீநகரில் பிறந்த பிரதிமன் கிருஷ்ண காவ். பிரின்ஸ்டனில் தங்கியிருந்தால் அவருக்குக் குறையொன்றும் இருந்திராது. திரும்பி வந்தார், காந்திநகர் நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். 2017-இல் மறைந்தார். கோட்பாட்டாளர் ஒருவர் கருவி கட்டும் கூட்டத்தை உருவாக்கியது அரிய செயல் என்பது நம் கருத்து.

அக்கூட்டத்தினர் 2014-இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. பிளாஸ்மாவின் விளிம்பில் ஒரு மின்முனையைச் செருகி மின்னழுத்தம் கொடுத்தபோது தீவுகளின் வளர்ச்சி அடங்கிக் குலைவு தவிர்ந்தது. சிறு கருவிதான், குறுக்களவும் பெரிதன்று. எனினும் நம் மண்ணில் கிழிசலை அடக்கிக் காட்டியது.

ஞாயிற்றிலோ அடக்குவார் இல்லை. அதன் வெளிமண்டலத்தில் எதிரெதிர்த் திசையிலான காந்தப்புலங்கள் நெருங்குமிடத்தில் இதே கிழிசல் நிகழ்ந்து, தேங்கிய ஆற்றல் சுடர்களாக வெடிக்கிறது. அச்சுடர்களைத்தான் புவியிலிருந்து பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்தபடி ஆதித்யா-எல்1 நோக்குகிறது. பிரான்சில் இந்தியாவும் பங்கேற்றுக் கட்டப்பட்டு வரும் ‘இட்டர்’ டோகாமாக்கிலோ, தீவுகளின் நடுவே நுண்ணலைகளைக் குறிபார்த்துச் செலுத்தி அவற்றைச் சுருக்குவதென்பது திட்டம்.